வெறுமையாக விட்ட கட்டங்கள்

"அக்கா, இந்த அம்மாவுக்கு 138 போடட்டுமா, 142 போடட்டுமா?"

காலை எட்டு மணி. இரவுப் பணி ஏழு மணிக்கே முடிந்துவிட்டது. பிரசவ வார்டின் பின்னறையில் கேஸ் ஷீட்டுக் கட்டுகளுக்கு நடுவே, இளைய செவிலியரான அந்தத் தங்கை தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பரீட்சை அட்டை. மூன்று மாதங்களுக்கு முன் பிரசவம் ஆகி வீட்டுக்குப் போய்விட்ட ஒரு தாயின் பார்ட்டோகிராஃப் தாளை, அதாவது பிரசவ வலியின் போக்கைப் பதியும் தாளை, நிரப்பிக்கொண்டிருந்தார். வயிற்றில் இருந்த குழந்தையின் இதயத்துடிப்புக்கு அரை மணிக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். யாரும் கேட்டு எண்ணாத துடிப்புக்கு அவர் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டில் ஏழு மாதக் குழந்தை. பால் கட்டிச் சீருடையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

"மாற்றி மாற்றிப் போடு. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று பதில் சொன்னவள் நான்தான். அந்த வார்டின் பொறுப்புச் செவிலியர் நான்.

இது நடந்தது 2019ஆம் ஆண்டு. நான் அரசுப் பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதி பிரசவ வார்டில்தான் கழிந்தது. எத்தனையோ இரவுகளை மறந்துவிட்டேன், அந்தக் காலையை மறக்க முடியவில்லை. மருத்துவமனைகளில் தர மேம்பாட்டுப் பணிகள் நடக்கும்போது அங்கே வேலை செய்பவர்களின் மனம் என்ன ஆகிறது என்று இன்று எழுத உட்கார்ந்தால், முதலில் கேட்பது அந்தக் கேள்விதான். 138 போடட்டுமா, 142 போடட்டுமா?

மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பரில் மத்திய அரசு லக்ஷ்யா என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறையையும் பேறுகால அறுவை அரங்கையும் தரம் உயர்த்துவது அதன் நோக்கம். நீண்ட செக்லிஸ்ட் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மதிப்பீட்டாளர்கள் நேரில் பார்ப்பார்கள், ஊழியர்களைக் கேட்பார்கள், பதிவேடுகளைப் புரட்டுவார்கள், தாய்மார்களிடம் பேசுவார்கள். 70 சதவீதம் எடுத்தால் சான்று. 80ஐத் தாண்டினால் தங்கம், 90ஐத் தாண்டினால் பிளாட்டினம். சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

அந்தத் திட்டத்தால் எங்கள் தாய்மார்களுக்குக் கிடைத்த நன்மையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு முன் எங்கள் பிரசவ மேசைகளுக்கு நடுவே திரை கிடையாது. ஒரு பெண் வலியில் கத்துவதை அடுத்த மேசையில் இருப்பவள் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். திரை வந்தது. குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர்கள் வந்தன. பிரசவத்தின்போது உடன் இருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2004லேயே வந்தது என்றாலும், எங்கள் வார்டில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது இந்தத் திட்டத்துக்குப் பிறகுதான். அம்மாவோ அத்தையோ உள்ளே வந்தால் நம்மை வேவு பார்ப்பார்கள் என்று முதலில் பயந்தோம். நடந்ததோ வேறு. தாய்க்குத் தண்ணீர் கொடுப்பதும், இடுப்பைத் தேய்த்து விடுவதும், "சிஸ்டர், பனிக்குடம் உடைந்துவிட்டது போலிருக்கிறது" என்று கூப்பிடுவதும் அந்தத் துணைதான். கதவுக்கு வெளியே நின்று சத்தம் போடும் கூட்டமும் பாதியாகக் குறைந்தது. எங்கள் வேலையையும் அது எளிதாக்கியது. ஊழியர்களைக் கேட்காமல் மேலிருந்து வந்த மாற்றம்தான் அது, ஆனாலும் நல்லது செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிக்கல் முதல் மதிப்பீட்டுக்கு நாங்கள் தயாரான விதத்தில் இருந்தது.

மதிப்பீட்டுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. சுவருக்குப் பெயிண்ட், தரையில் பாதச் சுவடு, கைகழுவும் படிகளைக் காட்டும் படம், தீயணைப்பான் எப்படிப் பிடிப்பது என்ற படம். புதுப் பதிவேடுகள் வரிசையாக வந்தன. குளிர்பெட்டி வெப்பநிலைக்கு ஒன்று, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு ஒன்று, அவசர மருந்துத் தட்டுக்கு ஒன்று, கழிப்பறை சுத்தம் செய்த நேரத்துக்கு ஒன்று. பணியில் இருந்த ஆட்கள் மட்டும் பழைய எண்ணிக்கைதான். இரவில் இரண்டு செவிலியர், ஓர் ஆயாம்மா, ஒரு துப்புரவுப் பணியாளர்.

வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஓவர் கொடுப்பதை, அதாவது அடுத்து வருபவரிடம் பணியை ஒப்படைப்பதை, படம் எடுத்துப் போட வேண்டும். இரவு பத்தரை மணிக்கு, "வார்டு மூலையில் குப்பை தெரிகிறது, யார் பொறுப்பு?" என்று செய்தி வரும். விடுப்பில் இருப்பவரும் பதில் சொல்ல வேண்டும். ஒரு செவிலியர் தன் மாமனாரின் பதினாறாம் நாள் காரியத்தில் இருந்தபோது அவசர மருந்துத் தட்டின் சாவி எங்கே என்று அந்தக் குழுவில் மூன்று முறை கேட்டார்கள்.

மதிப்பீட்டாளர் துப்புரவுப் பணியாளர்களையும் கேள்வி கேட்பார் என்று தெரிந்ததும் எங்கள் அக்கா ஒருவர் நடுங்கிப்போய்விட்டார். ஒப்பந்தப் பணியாளர், ஐம்பது வயதுக்கு மேல், எழுதப் படிக்கத் தெரியாது. ரத்தம் சிந்திய இடத்தில் எந்தக் கரைசலை எவ்வளவு நேரம் ஊற்றி வைக்க வேண்டும், எந்தக் கழிவு மஞ்சள் பையில் போகும், எது சிவப்பில் போகும் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தோம். தினமும் தன் கையால் செய்கிற வேலைதான், ஆனால் கேள்வியாகக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "தப்பாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கெல்லாம் மார்க் போய்விடுமே அம்மா" என்று அழுதார். மதிப்பீட்டு நாளன்று அவரை இரண்டு மணி நேரம் துணி வைக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டோம். வார்டின் சுத்தத்துக்கு முழுக் காரணமான ஒருவரை, சுத்தத்துக்கு மதிப்பெண் போடும் நாளில் ஒளித்து வைத்தோம். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

அந்த நான்கு மாதங்களின் நடுவே ஒரு இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டிய ஆக்சிடோசின் ஊசி போட்டாகிவிட்டது. ஆனாலும் கருப்பை சுருங்கவில்லை. இரண்டு செவிலியர்களும் டாக்டரும் ஒன்றரை மணி நேரம் போராடித் தாயைக் காப்பாற்றினார்கள். மூன்றாம் நாள் அந்த இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. ரத்தப்போக்கைக் கவனித்த நேரம் பதிவேட்டில் 2.10 என்றும் கேஸ் ஷீட்டில் 2.25 என்றும் இருக்கிறது, விளக்கம் தருக. கருப்பையை அழுத்திப் பிடித்திருந்த கை எந்த நிமிடத்தில் பேனாவைப் பிடிக்கும்? உயிர் பிழைத்த தாயைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. அந்த இருவரில் ஒருவர் அடுத்த கலந்தாய்விலேயே இடமாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல கை அவருக்கு. கால் முன்னே வரும் பிரசவத்தையும் பதறாமல் பார்ப்பவர். எங்கள் வார்டு அவரை இழந்தது.

சான்று கிடைத்தது. மேடை போட்டார்கள், சால்வை போட்டார்கள். அந்த மேடையில் நானும் நின்றேன். துப்புரவுப் பணியாளர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அடுத்த மாதமே புதுப் பதிவேடுகளில் பாதியை நிரப்புவது நின்றுபோனது. வார்டில் பேச்சுக் குறைந்தது. வந்தோம், பார்த்தோம், போனோம் என்று ஆகிவிட்டது.

2019 கடைசியில் மகப்பேறுப் பிரிவுக்குப் புதிதாக ஒரு மேடம் பொறுப்பேற்று வந்தார். தரக் குழுவின் முதல் கூட்டத்தில் அவர் செக்லிஸ்ட்டை எடுக்கவில்லை. மேசையைச் சுற்றி எல்லாரையும் உட்கார வைத்து, ஆயாம்மாவையும் துப்புரவு அக்காவையும் நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேலைக்கு வரும்போது எதை நினைத்தால் உங்களுக்கு அடிவயிறு கலங்குகிறது?"

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. இது எதற்கான வலையோ என்றுதான் நாங்கள் நினைத்தோம். நீண்ட நேரம் கழித்து ஒரு தங்கை சொன்னார். "மேடம், இரவில் கழிப்பறை." அவ்வளவுதான் சொன்னார். பிரசவ வார்டுச் செவிலியர்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. தாய்மார்கள் பயன்படுத்துவதைத்தான் நாங்களும் பயன்படுத்தினோம். பன்னிரண்டு மணி நேர இரவுப் பணியில் மாதவிலக்கு நாட்களில் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து, ஊசி போட்டுக்கொண்டே பணி பார்த்தவர்கள் எங்களில் உண்டு. பிரசவ அறைக்கு ஆயிரம் கேள்விகள் கேட்ட நாங்கள் அதுவரை ஒரு தடவைகூட இதைப் பேசியதில்லை. பழைய சாமான்கள் அடைத்து வைத்திருந்த ஒரு குளியலறையைப் பத்து நாளில் காலி செய்து, தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்கள். பெரிய செலவு எதுவும் இல்லை. மேம்பாட்டுப் பணி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த வார்டு, அந்தத் தாழ்ப்பாளுக்குப் பிறகு அதைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியது.

இதிலிருந்து நான் கற்றதை, இப்போது மற்ற மருத்துவமனைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போது முதலில் சொல்கிறேன். புதிதாக எதையும் செய்யச் சொல்வதற்கு முன், ஊழியர் படும் ஒரு கஷ்டத்தை எடுத்துவிடுங்கள். சின்னதாக இருக்கட்டும், ஆனால் அவர்களே சொன்னதாக இருக்க வேண்டும். பத்து, பதினைந்து நாட்களுக்குள் முடிய வேண்டும். மூன்று மாதம் ஆகும் என்றால் அதை முதலாவதாக எடுக்காதீர்கள். நம்பிக்கை வருவதற்கு முன்பே அலுப்பு வந்துவிடும்.

அடுத்து பார்ட்டோகிராஃபுக்கு வந்தோம். பிரசவ வலி முன்னேறும் விதத்தை ஒரே தாளில் காட்டும் வரைபடம் அது. கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் விரிந்ததிலிருந்து தொடங்கி, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஒரு எச்சரிக்கைக் கோடு இருக்கும். தாயின் புள்ளிகள் அந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் பிரசவம் தடைப்படலாம் என்று பொருள். அந்த நேரத்திலேயே எழுதினால்தான் அது உயிர் காக்கும். மூன்று மாதம் கழித்து எழுதினால் வெறும் தாள்.

"ஏன் எழுதவில்லை?" என்று எங்களை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். மேடம் கேட்கவில்லை. ஒரு முழு இரவு எங்களோடு வார்டில் நின்றார். காலையில் அவர் சொன்னவை மூன்று. கேஸ் ஷீட்டு செவிலியர் மேசையில் இருக்கிறது, தாயோ இருபது தப்படி தள்ளி இருக்கிறாள். கடிகாரம் பின்சுவரில் இருக்கிறது, திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வார்டு முழுவதற்கும் ஒன்றுதான், அதைத் தேடுவதிலேயே நேரம் போகிறது. ஒவ்வொரு பிரசவ மேசையின் தலைமாட்டிலும் ஆணி அடித்து, கிளிப் அட்டையில் பார்ட்டோகிராஃபைத் தொங்கவிட்டோம். நூலில் கட்டிய பேனா ஒன்று. கடிகாரத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். இன்னும் இரண்டு கருவிகளை வேறொரு பிரிவிலிருந்து கேட்டு வாங்கினோம். சோம்பேறிகள் என்று பெயர் வாங்கியிருந்த அதே செவிலியர்கள் எழுதத் தொடங்கினார்கள்.

அதோடு ஒரு விதியையும் வைத்தார். பார்க்காததை எழுதக் கூடாது. வேறு வேலையில் இருந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், பிறகு நிரப்பாதீர்கள். அதற்காக யாருக்கும் மெமோ வராது, வந்தால் நான் பதில் சொல்கிறேன் என்றார். அந்தத் தங்கை, 138 போடட்டுமா என்று கேட்டவர், அன்று கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இருவருமே எதுவும் பேசவில்லை. வேலைப்பளு உடம்பைக் களைப்பாக்கும், தூங்கி எழுந்தால் போய்விடும். தாய் படுத்திருக்கும்போது அவள் தாளில் பொய் எழுதுவது அப்படிப் போகாது. அது செவிலியரை அவருடைய வேலையிலிருந்தே பிரித்துவிடும். எங்கள் வார்டில் இடமாறுதல் கேட்டவர்களில் வேலை அதிகம் என்று போனவர்களைவிட, 'இனிமேல் இந்த வேலையை இப்படிச் செய்ய முடியாது' என்று போனவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

பதிவேடுகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன். எல்லாவற்றையும் பெரிய மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒரே கேள்வி: இதை யார் படிக்கிறார்கள்? பிறப்புப் பதிவு, மருத்துவக் கழிவு, போதை மருந்துக் கணக்கு, சட்டப்படி வேண்டியவற்றைத் தொட முடியாது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்யும் அரசின் பிக்மி மென்பொருளில் ஏற்ற வேண்டியவற்றையும் நிறுத்த முடியாது. மீதியைப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. அவற்றில் பல, மேலிடம் கேட்டவையே அல்ல. என்றோ ஒருநாள் ஒரு மேற்பார்வையாளர், "இதற்கு ஒரு நோட்டு போட்டால் நன்றாக இருக்குமே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நாங்களே நோட்டு வாங்கிக் கோடு போட்டுத் தொடங்கியிருப்போம். அவர் மாறுதலாகிப் போய்விட்டார், நோட்டு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. அப்படிப்பட்டவற்றை மூடினோம். ஒரே தகவலைக் கேட்ட மூன்றை ஒன்றாக்கினோம். இனி ஒரு புதுப் பதிவேடு உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும் என்று எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டினேன். புள்ளிவிவரப் பிரிவுக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் ஆறு மாதம் நீடித்தது.

வாட்ஸ்அப் குழுவை மூடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பணியில் இல்லாதவரிடம் அதில் எதுவும் கேட்கக் கூடாது என்று மட்டும் முடிவானது. சாவி ஓவரோடு கை மாறும், எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

செய்து தோற்றவையும் உண்டு. 'மாதத்தின் சிறந்த செவிலியர்' என்று ஒரு பரிசு வைத்தேன். மூன்றாவது மாதத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். பிரசவம் ஒருவர் கையில் நடப்பதில்லை. ஒருவரைத் தனியாகப் பிரித்துப் பாராட்டினால் கூட நின்றவர்கள் குறைந்தவர்கள் என்று ஆகிறது. நிறுத்திவிட்டேன். மன அழுத்தம் குறைக்க என்று மாவட்டத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். இரவுப் பணி முடித்தவர்களை அப்படியே அழைத்துக்கொண்டு போனோம். பேசியவர் நல்லவர், நல்ல விஷயங்கள்தான் சொன்னார். எங்கள் செவிலியப் பிள்ளைகளுக்கு அன்று வேண்டியிருந்தது தூக்கம். ஓய்வு நாளைப் பறித்துக்கொண்டு ஓய்வைப் பற்றி வகுப்பு நடத்தக் கூடாது. அந்தப் பட்டியலை அனுப்பியவள் நான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

மிகவும் பயன்பட்டது டீ. பெரிய சம்பவம் எது நடந்தாலும், தாய் நிலைக்கு வந்ததும் அன்று பணியில் இருந்த எல்லாரும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார வேண்டும். டீ வரும். என்ன நடந்தது, எது கைகொடுத்தது, எது காலை வாரியது, இந்த மூன்றையும் பேச வேண்டும். யார் தவறு என்ற பேச்சே கிடையாது. இதையும் முதலில் சடங்காகத்தான் செய்தோம். பிறகு ஒருநாள் அதிகாலை மறுபடி ஒரு ரத்தப்போக்கு. தாய் பிழைத்துக்கொண்டாள். நாங்கள் செவிலியர்கள் இரண்டு பேர், டாக்டர், எல்லாரும் மருந்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் பேசினோம். முடிக்கும்போது மேடம், "ஆயாம்மா, நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

ஆயாம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "லிஃப்ட் ஓடவில்லை அம்மா. ராத்திரி பத்து மணிக்கு மேல் அதைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரத்த மாதிரி எடுத்த குழாயை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு மூன்று மாடிப் படி இறங்கினேன். ரத்த வங்கியில் கதவைத் தட்டித் தட்டி எழுப்பினேன். திரும்ப ஏறும்போது முழங்கால் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஏறினேன்."

எத்தனை ஆண்டுகள் இப்படி என்று கேட்டோம். "நான் வந்த நாளிலிருந்து" என்றார். ரத்தம் வருவதற்குத் தாமதமாகிறது என்று எங்கள் ஆய்வுக் கூட்டங்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். காரணம் என்ற இடத்தில் 'தகவல் தொடர்புக் குறைபாடு' என்று போடுவோம். காரணம் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவரை யாரும் கேட்டதில்லை. அந்த வாரமே லிஃப்ட் சாவி ஒன்று பிரசவ வார்டுக்கு வந்தது. ரத்த வங்கிக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லும் வழக்கமும் வந்தது. ஆயாம்மா அதற்குப் பிறகு கூட்டத்தில் கூப்பிடாமலே பேசினார்.

கொரோனா வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், நான் எழுதவில்லை. இந்தப் பேச்சுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். மதிப்பீடு, ஆய்வு, படம் எடுப்பது எல்லாம் நின்றுபோன காலம் அது. யாரும் வந்து பார்க்கவில்லை. பாதச் சுவடுகள் அழிந்தன, படங்கள் உரிந்து விழுந்தன, மூலையில் கிடந்த பதிவேடுகளை யாரும் தொடவில்லை. தலைமாட்டு ஆணியில் தொங்கிய கிளிப் அட்டையும், சம்பவத்துக்குப் பிந்தைய டீயும், சாவி கை மாறுவதும் நிற்கவில்லை. கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டே எங்கள் பிள்ளைகள் புள்ளி வைத்தார்கள். ஊழியர்களுக்குப் பயன்பட்டவை தங்கின.

இதைப் பெரிய அளவிலும் பார்த்திருக்கிறார்கள் என்று பின்னாளில் ஒரு பயிற்சியில் தெரிந்துகொண்டேன். உத்தரப் பிரதேசத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் செக்லிஸ்ட்டை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 120 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு, பாதி நிலையங்களில் செக்லிஸ்ட்டோடு நேரில் வந்து வழிகாட்டுபவர்களையும் வைத்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. பிரசவம் பார்ப்பவர்கள் நல்ல நடைமுறைகளைக் கடைப்பிடிப்பது நன்றாகவே கூடியிருந்தது. வழிகாட்டுபவர்கள் வருவது நின்றபின் அதில் ஒரு பகுதி இறங்கியது. தாய் சேய் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பயிற்சியிலேயே இன்னொன்றும் சொன்னார்கள். நோயாளியின் அனுபவம், மக்களின் ஆரோக்கியம், செலவு என்று மூன்று இலக்குகளை அமெரிக்காவில் 2008இல் வகுத்திருந்தார்கள். ஊழியர் நலனை நான்காவதாகச் சேர்க்க வேண்டும் என்று 2014இல் அங்கேயே இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். அதைக் கேட்டபோது எனக்குத் துணி அறையில் உட்கார்ந்திருந்த அக்காவின் நினைவுதான் வந்தது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், பேசாமல் விட்டால் மன உறுதி என்பது வெறும் பேச்சு. எங்கள் பிள்ளைகளில் பலர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அப்போது மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். பிறகு தொகை உயர்ந்தது, சிலர் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். ஒரே பிரசவ மேசையின் இரு பக்கமும் நின்று ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு மற்றவரின் ஊதியத்தில் சிறு பங்குதான் என்றால், எந்தத் தர மேம்பாட்டுக் கூட்டமும் அந்தக் காயத்தை ஆற்றாது. வார்டுப் பொறுப்பில் இருப்பவரால் அதை மாற்ற முடியாது. செய்ய முடிந்தது ஒன்றுதான். சுத்தத்துக்கான காயகல்ப் விருதுத் தொகையில் கால் பங்கு ஊழியர்களுக்கு என்று விதி இருக்கிறது. எங்களுக்கு ஒருமுறை தொகை வந்தபோது ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் பட்டியலில் இல்லை. நிறுவனத்தின் ஆட்கள், மருத்துவமனை ஊழியர் அல்ல என்றார்கள். நான் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட மறுத்தேன். மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் எல்லாருக்கும் சமமாகப் பிரித்தார்கள். தலைக்கு வந்தது சிறு தொகைதான். அந்த அக்கா பணத்தை வாங்குவதற்கு முன், "பட்டியலில் என் பெயர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். காட்டினேன். படிக்கத் தெரியாதவர், விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

சான்றைப் புதுப்பிக்கும் மதிப்பீடு 2022 கடைசியில் வந்தது. இந்த முறை யாரையும் ஒளித்து வைக்கவில்லை. அக்கா தன் கையாலேயே கரைசல் கலந்து காட்டினார். கேள்விக்குப் பதில் சொல்ல வராது, செய்து காட்டுகிறேன் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

பார்ட்டோகிராஃப் தாள்களைப் புரட்டிய மதிப்பீட்டாளர் ஓர் இடத்தில் நின்றார். "இங்கே இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் இல்லையே. இதேபோல் இன்னும் சில தாள்களிலும் இருக்கிறது. ஏன்?"

பதில் சொன்னவர் அந்தத் தங்கை. இப்போது அவர்தான் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பணிப் பட்டியலையும் பிரசவப் பதிவேட்டையும் எடுத்து வந்து அந்தத் தேதிகளைத் திறந்து பக்கத்தில் வைத்தார். "சார், வெறுமையாக இருக்கும் நேரங்களைப் பாருங்கள். எல்லாம் இரவு. அந்த நேரங்களில் இரண்டு பிரசவம் ஒன்றாக நடந்திருக்கிறது. பணியில் இருந்தது இரண்டு பேர். மூன்றாவது தாயை யாரும் பார்க்கவில்லை. அதனால் எழுதவில்லை."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 2019இல் நாங்கள் நிரப்பிய ஒவ்வொரு கட்டமும், இரவில் மூன்றாவது செவிலியர் தேவையில்லை என்று எங்கள் கையாலேயே எழுதிக்கொடுத்த சாட்சியாக இருந்திருக்கிறது. ஆள் போதவில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே, எல்லாம் சரியாக நடக்கிறது என்று தாளில் காட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்சத்தில் மதிப்பெண் குறைந்தது. சான்று கிடைத்தது, எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. அறிக்கையில் குறைபாடுகள் என்ற பகுதியில், இரவுப் பணியில் செவிலியர் பற்றாக்குறை என்று தேதிகளோடு எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, வெறுமையான தாள்களையும் இணைத்து மேடம் மேலே அனுப்பினார். ஏப்ரல் மாதம் மாற்றுப் பணியில் ஒரு செவிலியர் வந்தார், இரவுக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு. ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம் நீட்டித்தார்கள். நிரந்தரப் பணியிடம் கேட்ட கோப்பு இன்னும் சென்னையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், வெறுமையாக நின்ற கட்டங்களை எண்ணி ஒரு கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.